பாப்பா குடுத்த மூணு கிடேரி

இல்லீங்க, அந்த மூணு கிடேரியும் பாப்பாவோடதுதான். என் கொட்டாயில நின்னுச்சு, என் வைக்கோலைத் தின்னுச்சு, எம் பொண்டாட்டி பெலிசா கையால தவிடு வாங்கிச்சு. இருந்தாலும் என்னோடது இல்ல. பிப்ரவரியில எம் பேத்தி பொறந்த அன்னைக்கே அவளுக்குன்னு குடுத்தாச்சு. யாரும் கேக்கல, நானாத்தான் சொல்றேன். இதைச் சொல்லாம எங்க சம்மந்தி லெயோன்ஸைப் பத்திச் சொல்ல முடியாது.

லெயோன்ஸுக்கு மலைக்கு அந்தாண்ட, பிரான்ஸ் பக்கம், லார்தெஸ்ங்கிற ஊரு. நாங்க இந்தாண்ட, ஸ்பெயின் பக்கம், பெலாரே. நடுவுல கணவாய், கணவாய் உச்சியில ஒரு கல்லு. அவரு மகன் பாஸ்தியனுக்குத்தான் எம் பொண்ணு இதோயாவைக் குடுத்திருக்கோம்.

ஆளு குள்ளம். மீசை மட்டும் ஆறடி ஆளுக்கு உண்டானது. பொண்டாட்டி தவறிப் போயி பல வருஷம் ஆச்சு. அதுலேர்ந்து கொட்டாயில ஒரு ரேடியோவைத் தொங்க விட்டுக்கிட்டு, உலகச் செய்தி கேட்டுக்கிட்டேதான் பால் கறப்பாரு. எந்த நாட்டுலயாவது ஒரு மந்திரிக்குப் பதவி போச்சுன்னா, அடுத்துப் பொறக்குற கன்னுக்கு அவர் பேருதான்.

"பதவியில இருக்கறவன் பேரை வெச்சா மாட்டுக்குத் திமிர் புடிச்சுரும் சம்மந்தி"ம்பாரு.

அவரு மந்தையைப் பாத்தீங்கன்னா பாதி ஐரோப்பாவோட பழைய மந்திரிசபை நின்னு அசைபோட்டுக்கிட்டு இருக்கும்.

பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கே ஆளு எப்படின்னு தெரிஞ்சு போச்சு. பெலிசா எங்க ஊரு ஆட்டுப்பால் சீஸை வெட்டி வெச்சா. அவரு எடுத்து மோந்து பாத்தாரு.

"நல்லாருக்குதும்மா. கதவு ஒழுகினா இதை வெச்சுப் பூசலாம்"னாரு.

பெலிசா விடல. "பூசுங்கண்ணே. மொதல்ல தின்னு பாத்துட்டுப் பூசுங்க"ன்னா.

ஒரு துண்டு தின்னாரு. அப்புறம் இன்னொண்ணு. கடைசியில தட்டைத் தன் பக்கம் இழுத்து வெச்சுக்கிட்டு, "கதவு கொஞ்சம் பொறுக்கட்டும்"னாரு. அன்னைக்கே சம்மந்தம் முடிவாச்சு.

இப்ப அந்தக் கல்லைப் பத்திச் சொல்லணும். எங்க ரெண்டு ஊருக்கும் அதுதான் கோர்ட்டு, கச்சேரி எல்லாம். பல நூறு வருஷத்துக்கு முன்னாடி, எங்க பக்கத்து ஊத்துத் தண்ணிக்காக ரெண்டு ஊரும் வெட்டிக்கிட்டு மாண்டு போயி, கடைசியில அந்தக் கல்லுல வந்து உக்காந்து ஒரு பேச்சுப் பேசி முடிச்சாங்க. வருஷா வருஷம் ஜூலை மாசத் திருவிழா அன்னைக்கு, உச்சிப்பொழுதுக்குள்ள, லார்தெஸ்காரங்க எங்களுக்கு மூணு கிடேரி குடுக்கணும். ரெண்டு வயசாகி ரெண்டு பல்லு போட்டிருக்கணும், மூணுக்கும் ஒரே நிறம், ஒரே மாதிரிக் கொம்பு. எந்த வீட்டு மாடுன்னு காட்டறதுக்கு அவங்கவங்க காதுல ஒரு வெட்டுப் போடுவாங்க இல்லீங்களா, அப்படி லார்தெஸ் வீட்டு வெட்டு இருக்கணும். குடுத்தா, ஆகஸ்டு பொறந்ததும் அவங்க மந்தை எங்க ஊத்துல வந்து தண்ணி குடிக்கலாம். குடுக்காத வருஷம் தண்ணி கெடையாது. எங்க ஊர்ல பள்ளிக்கூடம் போகாத என்னை மாதிரி ஆளுங்களுக்கும் இது மனப்பாடம்.

அதுக்கப்புறம் என்னென்னமோ ஆயிப் போச்சு. அங்க ராஜா தலை போச்சு. இங்க ராஜா போனாரு, வந்தாரு, மறுபடி போனாரு, மறுபடி வந்தாரு. பெரிய பெரிய சண்டையெல்லாம் வந்துச்சு. காசு மாறுச்சு, கொடி மாறுச்சு, செக்போஸ்ட் வந்துச்சு, செக்போஸ்ட் போச்சு. மாடு மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு.

செக்போஸ்ட் இருந்த காலத்துல லெயோன்ஸு சின்னப் பையன். எங்க பக்கம் ஜெனரல் ஆட்சி. இவரு மந்தையை ஊத்துக்கு ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு. காவலுக்கு நின்னவன் புதுசு, தெக்கேர்ந்து வந்தவன்.

"பாஸ்போர்ட்டு?"ன்னு கேட்டிருக்கான். இவரு காட்டியிருக்காரு.

"மாடுங்களுக்கு?"

"அதுங்களுக்கு உங்க ஜெனரலுக்கு முன்னாடியே அனுமதி இருக்குதுங்க. ஜெனரலுக்கு யாரு குடுத்தாங்கன்னு அவரைத்தான் கேக்கணும்."

புடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. மாடுங்க தானாப் போயித் தண்ணியைக் குடிச்சுட்டு வந்து ஸ்டேஷன் வாசல்ல நின்னு கத்துச்சாம். சத்தம் தாங்க முடியாம விட்டுட்டாங்களாம். அவரு சொல்றதுதான். பாதி நெசம்னு வெச்சுக்குங்க. மீசையை நீவிக்கிட்டே சொன்னா பாதி, மீசையை விட்டுட்டுச் சொன்னா முழுசும் நெசம்.

இப்ப ரேடியோவுல தெனமும் அந்த நாடு ஒப்பந்தத்தை விட்டு வெளிய போயிருச்சு, இந்த நாடு கோர்ட்டுத் தீர்ப்பை ஏத்துக்க மாட்டேங்குதுன்னு வருது இல்லீங்களா. அதைக் கேட்டா கறக்கறதை நிறுத்திட்டு மாட்டுகிட்டப் பேசுவாரு. "கேட்டியாடி? அவங்கள்ளாம் தங்கப் பேனாவுல கையெழுத்துப் போட்டவங்க. நம்மாளுங்களுக்குப் பேரெழுதக் கூடத் தெரியாது. யாரு பேச்சு நிக்குது பாத்தியா"ம்பாரு. மாடு வாலால ஒண்ணு வெக்கும். "செய்தி வாசிக்கறவன் மேல கோவம்னா என்னை ஏண்டி அடிக்கிற?"

சரி, பாப்பா கதைக்கு வரேன்.

எங்க ஊர்ல தலைச்சன் பேரப்புள்ளைக்கு அம்மாவப் பெத்த தாத்தா ஒரு கிடேரி குடுக்கறது வழக்கம். காதுல புள்ளையோட அப்பன் வீட்டு வெட்டைப் போட்டுத்தான் குடுக்கணும். பாப்பா பொறந்துட்டான்னு போன் வந்தப்ப கணவாய் முச்சூடும் பனி, போயிப் பாக்க முடியாது. எனக்குக் கால் தரையில நிக்கல. நேரா ஒயின்கடைக்குப் போனேன். எல்லாருக்கும் ஊத்தச் சொன்னேன். "ஒரு கிடேரி"ன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன். வாயில "மூணு!"ன்னு வந்துருச்சு.

கடையே கைதட்டுச்சு. பிளாசிடோன்னு ஒருத்தன், எங்க ஊர்லயே பெரிய மந்தை அவனுதுதான், காது வெட்டுறதுல அவன் கை அவ்வளவு சுத்தம். "வா, நெனப்பு மாறுறதுக்குள்ள வெட்டிரலாம்"னு அப்பவே என் கொட்டாய்க்கு இழுத்துக்கிட்டு வந்துட்டான். மூணு செவலைக் கிடேரிக்கும் லெயோன்ஸு வீட்டு வெட்டு, சிரிச்சுக்கிட்டே போட்டான். ஊரே நின்னு பாத்துச்சு.

மறுநாள் காலையில பெலிசா கேட்டா, "ஏன், கொட்டாயையும் என்னையும் சேத்துக் குடுத்திருக்கலாமே?"

"கேட்டா குடுத்திருப்பேன்"னேன். ரெண்டு நாள் சாப்பாட்டுல உப்பு இல்ல.

வெயில் வந்து கணவாய் தெறந்ததும் ஓட்டிக்கிட்டுப் போயி விட்டுரலாம்னு கிடேரிங்களை என்கிட்டயே வெச்சிருந்தேன்.

வெயில் வந்துச்சு. ரொம்பவே வந்துச்சு. லார்தெஸ் பக்கத்து ஊத்து தொடர்ந்து ரெண்டு கோடையில வத்திப் போச்சு, இந்த வருஷம் மே மாசத்துலயே சேறு. பாப்பாவோட கிடேரிங்களும் அங்க போயி என்னத்தைக் குடிக்கும்னு என்கிட்டயே நிறுத்திக்கிட்டேன். ஆகஸ்டுல எங்க தண்ணி கெடைக்கலன்னா லெயோன்ஸு மந்தையை வித்தாகணும். வித்தா பாஸ்தியன் கடலோரத்துல லாரி ஓட்டப் போறதுன்னு பேசி வெச்சிருந்தான். எம் பொண்ணும் பாப்பாவும் கூடப் போயிருவாங்க. இப்ப கணவாயைத் தாண்டினா பாப்பா. அப்புறம் ரெண்டு ரயில் மாறணும்.

கிடேரி குடுக்கறது லார்தெஸ்ல வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை, இந்த வருஷம் லெயோன்ஸு வீட்டுக்கு. நல்லாப் பாத்து மூணை ஒதுக்கி, பழைய மந்திரிங்க மூணு பேரைக் குளிப்பாட்டித் தயாரா வெச்சிருந்தாரு. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்துருச்சு. கொசுக்கடியால மாட்டுக்கு ஒரு காய்ச்சல் பரவுது, ஜூலை முடியுற வரைக்கும் அந்தப் பக்கத்து மாடு ஒண்ணுகூட இந்தப் பக்கம் கால் வெக்கக்கூடாதுன்னு.

அன்னைக்கு ஒயின்கடையில பிளாசிடோ சொன்னான். "பாவந்தான். ஆனா பேச்சுன்னா பேச்சு. மாடு வரலன்னா தண்ணி இல்ல. நம்ம ஊத்தும் இளைச்சுக்கிட்டுத்தான் வருது. அவங்க இல்லன்னா நம்ம மந்தை நல்லாக் குடிக்கும்."

"ஏம்ப்பா, காய்ச்சலுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"ன்னேன்.

"நீ சம்மந்திப் பாசத்துல பேசுற நினோ. நான் ஊருக்காகப் பேசுறேன்."

அவன் கெட்டவன் இல்லீங்க. அவன் மாடும் தாகமாத்தான் இருந்துச்சு.

மறுநாள் லெயோன்ஸு கணவாயைத் தாண்டி எங்க வீட்டுக்கு வந்தாரு. பாஸ்தியன், இதோயா, துணியில சுத்தின பாப்பா, எல்லாரும். ரொட்டித் துருவலைப் பூண்டு போட்டு வறுத்து வெச்சா பெலிசா. அவரு கரண்டியைக்கூடத் தொடல.

"என் தாத்தன் குடுத்தாரு, எங்கப்பன் குடுத்தாரு. சண்டை நடக்கறப்பகூட ராத்திரியோட ராத்திரியா ஓட்டியாந்து குடுத்தாங்க. என் முறையில நிக்கப் போவுதே சம்மந்தி."

மீசையில கை இல்ல. அந்த நேரம் பாத்துக் கொட்டாயிலேர்ந்து ஒரு கிடேரி கத்துச்சு. நானும் பெலிசாவும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம்.

"லார்தெஸ் வீட்டு வெட்டு"ன்னா அவ.

"ரெண்டு பல்லு"ன்னேன் நான்.

"செவலை, மூணும்"னா இதோயா.

லெயோன்ஸு எந்திரிச்சுக் கொட்டாய்க்குப் போயி மூணு காதையும் தடவிப் பாத்தாரு. திரும்பி வந்து உக்காந்தாரு. "வேணாம்"னாரு.

"என்ன வேணாம்?"

"உங்க மாட்டை உங்களுக்கே குடுத்துட்டு நான் தண்ணி வாங்கிக்கணுமா? இது ஏமாத்து. இத்தனை வருஷமா யாரும் ஏமாத்தல. தண்ணி இல்லாமப் போனாலும் போகட்டும்."

"என் மாடு எங்க இருக்கு? அது உங்க பேத்தி மாடு!"

"நாக்கால சொன்னா ஆச்சா? வளத்தது யாரு?"

"யோவ் சம்மந்தி, நான் குடுத்ததைக் குடுக்கலன்னு சொல்ற ஆளா?"ன்னு நானும் எகிறிட்டேன். சம்மந்தியை யோவ்னு கூப்பிட்டது அதுதான் மொத தடவை. பெலிசா கரண்டியைக் கீழ போட்டுட்டா.

இதோயாதான் பாப்பாவைத் தூக்கி அவரு மடியில வெச்சா. "மாமா, ரெண்டு பேரும் ஏன் சண்டை போடுறீங்க? மாட்டுக்காரியையே கேளுங்க"ன்னா.

அஞ்சு மாசக் கொழந்தை. என்ன தெரியும்? மீசையை ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்தா. இழுத்த இழுப்புல அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அழுதாரா, வலிச்சுதா, இன்னி வரைக்கும் சொல்ல மாட்டேங்கிறாரு.

மீசையை அவ கையிலேர்ந்து மெல்ல விடுவிச்சுக்கிட்டாரு. "சரி. இவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்க வீட்டு முறையை இவ செய்யலாம். ஆனா இவ கை வெறுமையா இருக்கக் கூடாது. நான் குளிப்பாட்டி வெச்சிருக்கற மூணும் இன்னியிலேர்ந்து இவளுது. அந்தப் பக்கமே நிக்கட்டும், எந்த உத்தரவும் தடுக்காது. அப்பத்தான் குடுத்தது நான்னு ஆகும்."

"அப்ப பாப்பாவுக்கு மூணு மந்திரி!"ன்னான் பாஸ்தியன்.

அப்பத்தான் லெயோன்ஸு கரண்டியை எடுத்தாரு. ஆறிப் போச்சு, சூடு பண்ணித் தரேன்னா பெலிசா. வேணாம்னுட்டு எங்க எல்லார் பங்கையும் சேத்துத் தின்னாரு.

திருவிழா அன்னைக்கு ரெண்டு ஊரும் கல்லுகிட்டக் கூடியிருந்துச்சு. அவங்க அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம். அவங்க ஆளுங்க கையில மாடு இல்லன்னதும் கூட்டத்துல ஒரே முணுமுணுப்பு. அப்ப நான் கீழேர்ந்து எங்க பக்கத்து வழியா மூணு செவலையையும் மணி அடிக்க அடிக்க ஓட்டிக்கிட்டு ஏறுறேன். பாப்பா தாத்தா தோள்ல. தாத்தான்னா, என்கூட ஏறி வந்த லெயோன்ஸுத் தாத்தா.

எங்க மேயரம்மா இடுப்புல கை வெச்சு நின்னாங்க. "நினோ, நம்ம மாட்டை நமக்கே ஓட்டியாரியா?"

"என் மாடு இல்லம்மா. அந்த மொட்டைத் தலைக்காரியோடது"ன்னு பாப்பாவைக் காட்டினேன்.

கூட்டம் சிரிச்சுது. மாட்டைச் சோதிக்கறது எங்க ஊர்ல யாரு வேலைன்னு நெனைக்கிறீங்க? பிளாசிடோ வேலைதான். தலைமுறையா அவங்க வீடு. முன்னால வந்தான். ஒவ்வொரு மாட்டு வாயையும் தெறந்து விரலை விட்டுப் பாத்தான். பிளாசிடோ இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவன் மந்தைக்குத் தண்ணி, எங்க பாப்பாவுக்கு ரயிலு.

"பல்லு சரி"ன்னான்.

கொம்பைத் தடவினான். "இதுல ஒரு கொம்பு லேசாச் சாஞ்சிருக்கு."

"உன் மூக்கை விட நேராத்தான் இருக்கு. மேல பாரு"ன்னாங்க மேயரம்மா.

"மாடு எந்த வீட்டு மாடுன்னு தெரியணுமில்ல?"ன்னான்.

"காதைப் பாரு."

காதைப் புடிச்சான். புடிச்சவன் அப்படியே நின்னுட்டான். வெட்டு சுத்தமா இருந்துச்சு, ஒரு நூல் கூடப் பிசகல. அந்த மாதிரி வெட்டு எங்க மலையில ஒரே ஒரு கைதான் வெட்டும். பெலிசா பின்னாலேர்ந்து கத்துனா, "யாரு வெட்டுனதுன்னு தெரியுதா பிளாசிடோ? நல்லா உத்துப் பாரு!"

அவனுக்குக் கழுத்து வரைக்கும் செவந்துருச்சு. அப்புறம் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான் பாருங்க. "நானேதான் வெட்டுனேன்! நாசமாப் போன ஒயின்!"

மேயரம்மா கேட்டாங்க, "எந்த வீட்டு வெட்டு? வாயால சொல்லு."

அவன் ஊத்துப் பக்கம் ஒரு தடவை பாத்தான். மலை முச்சூடும் ஆளுங்க. "தண்ணிக்காக நான் எவ்வளவு வேணாச் சண்டை போடுவேன். மாட்டுக் காதை வெச்சுப் பொய் சொல்ல மாட்டேன்"னான். "லெயோன்ஸு வீட்டு வெட்டு. லார்தெஸ் மாடு."

அப்புறம், சமாதானத்துக்கு ரெண்டு ஊரும் கல்லு மேல கையடுக்கி வெக்கற நேரம். குடுக்கறவங்க கைதான் அடியில இருக்கணும். லெயோன்ஸு பாப்பாவோட மூடின கையைத் தெறந்து கல்லு மேல வெச்சாரு. வெயில்ல கல்லு வெதுவெதுன்னு இருந்திருக்கும் போல, பாப்பா சிரிச்சா. எல்லார் கனமும் அவ மேல விழுந்துராம இருக்கணும்னு அவரு தன் கையைக் கூரை மாதிரி மேல கவுத்துக்கிட்டாரு. அது மேல என் கை, பிளாசிடோ கை, கடைசியா மேயரம்மா கை. "இனிமேலும் சமாதானம்!"னு மூணு தடவை கத்தினோம். மூணாவது தடவைக்கு பாப்பாவும் கத்தினா. பசிக்கு.

அப்புறம் சாப்பாடு. ஆட்டுக்கறி சுட்டது, தோல்பையில ஒயினு, அவங்க ஊரு முட்டைக்கோஸ் சூப்பு. லெயோன்ஸு பிளாசிடோ பக்கத்துல போயி உக்காந்தாரு. "ஊத்து இளைச்சுதான் போச்சு. என் மாடுங்க விடிகாலையில குடிச்சுட்டுப் போயிரட்டும். வெயில் ஏறினப்புறம் உங்களுக்கு. பேச்சுல அப்படி இல்லதான், இருந்தாலும் நான் கேட்டுக்கறேன்"னாரு.

பிளாசிடோ தோல்பையை நீட்டினான். "விடிகாலைத் தண்ணிதான் குளிர்ச்சி. நல்லதை நீங்க எடுத்துக்கிட்டீங்களே."

"அதுக்குத்தான் மொதல்ல கேட்டேன்"னாரு இவரு.

ஆகஸ்டு பொறந்து உத்தரவு போச்சு, லெயோன்ஸு மந்தை வந்துச்சு. விடிகாலையில அவரு மந்திரிங்க குடிக்கற சத்தம் எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் கேக்குது. பாஸ்தியன் லாரி பேச்சை எடுக்கறதில்ல. ஞாயித்துக்கிழமைன்னா பாப்பா எங்க வீட்டுல. தவழ ஆரம்பிச்சுட்டா, நேரா கொட்டாய்க்குத்தான் போறா.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். திருவிழா அன்னைக்குக் காலையில, கல்லுக்கு ஏறுறதுக்கு முன்னாடி, நான் மணி கட்டிக்கிட்டு இருந்தேன். முந்தின நாளே எங்க வீட்டுக்கு வந்து தங்கின லெயோன்ஸு பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நடந்துக்கிட்டு இருந்தாரு. நான் கேக்கறேன்னு தெரிஞ்சேதான் அவ காதுல சொன்னாரு:

"நம்ம முறை வரப்பல்லாம் மூணு மாடு குடுத்துரு தங்கம். என்னை மறந்தாலும் அதை மறந்துராத. ஆனா ரொம்ப நல்ல மாடாப் பாத்துக் குடுக்காத, உங்க நினோ தாத்தனுக்கு வித்தியாசம் தெரியாது."